மூலை மடித்த தாள்

பெப். 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேரும்போது பத்தேகால்.

வாங்க வேண்டியவை: கறுப்புத் துணி அரை யார்டு (தவளையின் கோட்டுக் கை கிழிந்துவிட்டது). பசை. பெரிய பொத்தான் இரண்டு, கண்ணுக்கு. இருமல் மாத்திரை.

மாத்திரை எனக்கு. தவளைப் பொம்மைக்குக் குரல் நான். கையும் நான். எழுதுவதும் நான். வாரத்தில் இரண்டு நாள் மேசைக்கு அடியில் முழங்காலிட்டுக் கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து வயது. கேட்பவர்களிடம் "டிவியில வேலை" என்று சொல்வதுண்டு. பொய்யில்லை.

"குருவி வகுப்பு", சிறுவர் பொம்மை நிகழ்ச்சி, சனிக்கிழமை மாலை ஐந்து மணி, அரை மணி நேரம். சிட்டு டீச்சர் என்ற குருவிப் பொம்மை எழுத்துச் சொல்லிக்கொடுக்கும். தவளைத் தலைவர் (இனி த.த.) தப்புத் தப்பாகச் சொல்வார். பிள்ளைகள் கத்திக் கத்தித் திருத்துவார்கள். அது பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு, த.த.வின் கறுப்புக் கோட்டு, தோளில் துண்டு, தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர்மாரின் நடை. எங்கள் தயாரிப்பாளர் குகன் அண்ணன் யாழ்ப்பாணம். தலைவர்மாரை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் விஷயம் தெரிந்த மனிதர். முதல் நாளே சொன்னார்: "பிள்ளையள் தனிய இருந்து பாக்கிறேல்லை ஐசே. ரிமோட் பெரிய ஆக்களின்ர கையில. அவையள் சிரிச்சாத்தான் சனல் மாறாது."

சிரிக்கிறார்கள். த.த.விடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எழுதிக் குடுத்திருக்கேன். வரும்." சிட்டு கேட்கும், "தலைவரே, 'ப'வுக்குப் பிறகு என்ன எழுத்து?" "எழுதிக் குடுத்திருக்கேன். வரும்." இன்று கண்டி பஸ் நிலையத்தில் ஒரு அம்மா, "தம்பி, பன்வில பஸ் எப்ப எடுப்பீங்க?" என்றார். கண்டக்டர் பையன் தவளைக் குரலில் அதையே சொன்னான். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பெருமையை மறைக்க.

அது அப்பாவின் வாய்ச்சொல். பன்வில தோட்டத்தில் இருபத்தாறு வருடம் தலைவர். கூரைத் தகரம், தண்ணிக் குழாய், கைக்குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்துக்குக் கதவு, எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான். டிவியில் கேட்டுவிட்டு அவரே சிரித்தாராம். "தவள நம்ம ஆளுதான்" என்றாராம். அக்கா சொன்னாள்.

பெப். 11, புதன்

வெயில். ஸ்டூடியோவுக்குள் அடுப்பு மாதிரி.

காலையிலேயே கு. அண்ணன் எழுதியதைத் திருப்பித் தந்தார். "பாடம் வடிவா இருக்கு. ஆனா பெரிய ஆக்களுக்கு ஒண்டுமில்லை. நானே கொட்டாவி விட்டனான். பின்னேரத்துக்கிடையில ஏதாவது போட்டுத் தாரும்."

பத்து நிமிடத்தில் எழுதினேன். அவ்வளவுதான் பிடித்தது.

த.த. தோட்டத்து மேனேஜர் துரையிடம் பெட்டிசம் (கோரிக்கை மனு) வாசிக்க வருகிறார். கம்பீரமாக நின்று தாளை விரிக்கிறார். தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பிழையே இல்லாமல் கடகடவென்று வாசிக்கிறார். சிட்டு: "தலைவரே, தாள் தலைகீழா இருக்கே, எப்படி வாசிக்கிறீங்க?" த.த.: "நமக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான் டீச்சர்!" பிறகு சிட்டு காதோடு ஒரு யோசனை சொல்லிக்கொடுக்கிறது. மேலே வலது பக்க மூலையைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு மேலே இருந்தால் தாள் நேர். த.த. மூலையை மடித்துவிட்டு நேராகக் கமராவைப் பார்க்கிறார்: "யாரும் பாக்கலையே?"

தாளை நேராகப் பிடிக்கப் பழகுவதும் முதலாம் வகுப்புப் பாடம்தானே. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எடுக்கும்போது கமராக்காரர் சுனில் சிரித்த சிரிப்பில் படம் ஆடி, இரண்டு தரம் திருப்பி எடுத்தோம். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. "ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் பாராட்டி என் முதுகில் தட்டினார். கு. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்கயிருந்து எடுக்கிறீர்?" என்றார்.

வீட்டுச் சரக்கு என்று சொல்லவில்லை. மடிப்பு விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அப்பாவும் நானும். அம்மா இருந்தால் மூன்று. வேறு யாருக்கும் தெரியாததால் யாருக்கும் விளங்காது. இப்படித்தான் கணக்குப் போட்டேன். படித்தவன்.

பெப். 14, சனி

மழை இல்லை. வேட்டி தோய்த்தது. சவர்க்காரம் முடிந்துவிட்டது.

ஸ்டூடியோவுக்குக் கீழே ஹாஜியார் தேநீர்க் கடை. அங்கேதான் பார்ப்பது வழக்கம். பெரியவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். இன்று குறிக்கத் தேவையே இல்லை. தாள் தலைகீழாகத் திரும்பியதும் கடை முழுக்கச் சிரிப்பு. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஹாஜியார், "எங்கட கலகெதரப் பக்கமும் இப்பிடி ஒரு மனிசன் இருந்தாரு, பெட்டிசம் மனப்பாடம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

ஒவ்வொரு சனியும் ஐந்தரைக்கு அக்கா போன் எடுப்பாள். இன்று எடுக்கவில்லை. சிக்னல் இல்லையாக்கும்.

பெப். 16, திங்கள்

நேற்று முழுக்க நான் போன் எடுத்துப் பார்த்தேன், அக்காவிடமிருந்து பதில் இல்லை. இன்று பகல் பன்னிரண்டுக்குத் தேயிலை மலையிலிருந்து அவளே எடுத்தாள். பின்னால் கொழுந்து நிறுக்கும் சத்தம், பெண்கள் பேச்சு. அவள் குரல் மட்டும் தாழ்ந்து.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். நெசமாச் சொல்லு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதா?"

"யாரு சொன்னா?" என்றேன். அதுவே போதுமாயிருந்தது அவளுக்கு.

நடந்தது: சனிக்கிழமை அக்காவின் காம்பரா அறையில் வழக்கம்போல டிவி பார்க்க லயத்து வரிசை வீட்டுச் சனம் பாதிக்குமேல். அப்பா கதிரையில். மடியில் தர்ஷி, அக்கா மகள், ஆறு வயது. அப்பா கோட்டோடு இருந்தார், கமிட்டிக்காரர் யாரையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கோட்டுப் பையில் தண்ணிக் குழாய்ப் பெட்டிசத்தின் பிரதி. நான் தை மாதம் வந்தபோது எழுதிக்கொடுத்தது. தவளை தாளைத் தலைகீழாகப் பிடித்ததும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அப்பாவும்தான். சிட்டு மூலை மடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் தர்ஷி அப்பாவின் பையில் கைவிட்டுத் தாளை வெளியே எடுத்திருக்கிறாள். விரித்து எல்லோருக்கும் உயர்த்திக் காட்டியிருக்கிறாள்.

"தாத்தா! ஒங்க தாள்லயும் மூல மடிச்சிருக்கு!"

முதலில் சிரித்தார்களாம். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்களாம். இருபத்தாறு வருடமாக அந்த மடிப்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். துரையின் ஆபீஸ் வாசலில், சங்கக் கூட்டத்தில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில். எதற்கு மடிக்கிறார் என்று யாரும் யோசித்ததில்லை. நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன், படம் போட்டு.

அப்பா தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். எழுந்து போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெப். 17, செவ்வாய்

தலைவலி. எழுதவேண்டிய பாடம் 'வ' வரிசை. ஒரு வரி ஓடவில்லை.

எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. தோட்டத்தில் என் கையெழுத்துத்தான் அழகு என்று பெயர். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய முதல் பெட்டிசம், மாட்டுப்பட்டிப் பக்கத்து லயத்துக்குக் கூரை. எழுதியதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலாம் தரம் அவரே சொன்னார், கமா புள்ளி உட்பட. பாடமாகிவிட்டது.

லேபர் டேயில், துரை தொழிலாளர் குறை கேட்கும் நாளில், ஆபீஸ் வாசலில் நின்று வாசித்தார். நல்ல குரல். பெரிய கிளாக்கரே நிமிர்ந்து பார்த்தார். நான் மட்டும்தான் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் தலைகீழ்.

வரும் வழியில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். நின்றார். தேயிலைச் செடியில் ஒரு இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். "நாளப்பின்ன எழுதுறப்ப, மேல் மூலய மடிச்சுக் குடு. வலக்கைப் பக்கம். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

இருந்தது. கையெழுத்து வைக்க மட்டும் படம் வரைவதுபோல் பழகிக்கொண்டார். யாராவது தாளை நீட்டினால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். பெரிய வகுப்பு வந்த பிறகு ஒருநாள், "எழுத்துச் சொல்லித் தரவாப்பா?" என்றேன். "நீ எழுதுற. எனக்கு எதுக்கு?" என்றார். என்னை நம்பிச் சொன்ன சொல். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு தேநீரைச் சும்மா குடித்தேன்.

பெப். 22, ஞாயிறு

பன்வில போய் வந்தேன். மேலே பனி, கீழே வெயில். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை.

சந்தியிலிருந்து லயத்துக்கு ஏறும்போது பிள்ளைகள் நாலைந்து பேர், ஆளுக்கொரு தாள். ஒருவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாளைத் தலைகீழாகப் பிடித்து, "எழுதிக் குடுத்திருக்கேன்! வரும்!" மற்றவர்கள் சிரிப்பு. நான்தான் தவளை என்று தெரியவில்லை அவர்களுக்கு. முகமில்லாத வேலை என்னுடையது.

அப்பா இஸ்தோப்புத் திண்ணையில், வெறும் சட்டையோடு. கோட்டு உள்ளே ஆணியில். "வா. கண்டியில மழையா?" என்றார். மழை பற்றிப் பேசினோம். உரம் வராதது பற்றி. பக்கத்து லயத்தில் ஒரு பசு கன்று போட்டது பற்றி. தேநீர் வந்தது. குடித்தோம். மன்னிப்புக் கேட்பதற்கென்றுதான் போனேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. டிவிக்கு வசனம் எழுதுகிறவன் நான்.

பழக்கதோஷத்தில் பேனாவையும் தாளையும் வெளியே எடுத்தேன். நான் வந்தால் எழுத வேண்டியதையெல்லாம் அப்பா மனதில் அடுக்கி வைத்திருப்பார். "என்னப்பா எழுதணும்?"

"ஒண்ணுமில்ல. அத உள்ள வையி."

தர்ஷி பின்பக்கம் விறகோடு விறகாக நின்றாள். அக்கா அடித்திருக்கிறாள். கூப்பிட்டதும் வந்தாள். "மாமா, சிட்டு டீச்சர் சொன்னதத்தானே நான் சொன்னேன்? தப்பா?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்ன."

"அப்ப ஏன் அம்மா அடிச்சாங்க?"

பாடத்தைச் சரியாகப் படித்த ஒரே பிள்ளை அவள்தான்.

அக்கா பஸ் ஏற்றிவிட வந்தாள். அடுத்த ஞாயிறு கோவில் திருவிழாக் கூட்டம், தலைவர் தெரிவும் அதோடுதான் என்றாள். எழுத வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறதாம். பஸ் வந்த பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். "அன்னைக்கு நானும் சிரிச்சேன் தம்பி. புள்ள தாளத் தூக்கிக் காட்டுனப்ப எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அதான் எனக்குத் தாங்கல."

பெப். 24, செவ்வாய்

மின்சாரம் இல்லை, பதினொன்று வரை.

கு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன், முழுவதையும். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மட அப்பாவோ? ஐயோ… முதல்லயே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே." உண்மையாகவே வருந்தினார். ஒரு நிமிடம் இருக்கும்.

பிறகு சொன்னவை:
1. அந்தப் பகுதியை மறுபடி போடச் சொல்லிக் கடிதங்கள் குவிகின்றன. மார்ச் 7 மறுஒளிபரப்பு.
2. விளம்பரம் தரும் பிஸ்கட்காரர் த.த. படத்தைப் பெட்டியில் போடப் போகிறார்.
3. த.த. இல்லாமல் "குருவி வகுப்பு" இல்லை.
4. த.த. இல்லாமல் நானும் இல்லை. (இதைச் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து தவளையை என்னிடம் எடுத்துத் தந்தார்.)

"நான் இஞ்சையிருந்து ஒண்டும் செய்யேலாது ஐசே. எழுத்தில தாரும். கொழும்புக்கு அனுப்பிவிடுறன்."

எழுதினேன். தவளைத் தலைவர் பாத்திரத்தை நிறுத்தும்படி, குறைந்தது மறுஒளிபரப்பை நிறுத்தும்படி, தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றரைப் பக்கம். ஒன்பது வயதில் எழுதிய அதே மாதிரி, அதே பணிவு. எழுதி முடித்ததும் கை தன்பாட்டில் மேல் மூலையை மடித்தது. பார்த்துவிட்டு விரித்தேன். நகத்தால் தேய்த்தேன். கோடு போகவில்லை. அப்படியே கொடுத்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. பாணும் சம்பலும்.

ஆறு மணிக்கு அக்கா. கூட்டம் முடிந்துவிட்டது.

திருவிழாக் கூட்டத்தில் முதல் வெற்றிலைத் தட்டு தலைவருக்கு. அவர் ஒரு வெற்றிலை எடுத்த பிறகுதான் தட்டு மற்றவர்களுக்குப் போகும். இருபத்தாறு வருடமும் அப்பா எடுத்து, காம்பு கிள்ளி, மடியில் வைத்துக்கொள்வார். வெற்றிலை போடும் பழக்கம் அவருக்கு இல்லை. மரியாதைக்காக எடுப்பது.

இன்று தட்டு அவர் முன்னால் வந்ததும் எடுக்கவில்லையாம். எழுந்து நின்றாராம், கோட்டோடு. "எனக்குக் கண்ணு முந்தி மாதிரி தெரியல. தாளு வாசிக்கச் செரமமா இருக்கு. வேற ஆளப் போடுங்க." அவ்வளவுதான் சொன்னாராம்.

எல்லோரும் தலையாட்டினார்களாம். ஆமா, வயசாச்சு, கண்ணுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். ஒரு பெரியவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அறிவுரை வேறு சொன்னாராம். அப்பா, "போறேங்க" என்றாராம். தட்டு நகர்ந்து, ஓ.எல். பரீட்சை வரை படித்த ஒரு பையனிடம் போனது. நல்ல பையன்தான். ஒன்றும் சொல்வதற்கில்லை.

பின் வரிசையில் ஒரு குரல், தவளைக் குரல், "எழுதிக் குடுத்திருக்கேன்." யாரோ வாயைப் பொத்தினார்களாம்.

"அந்தக் கொரலு அப்படியே ஒன் கொரலு மாதிரியே இருந்துச்சு தம்பி" என்றாள் அக்கா. குத்திச் சொன்னாளா தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

ஒளிப்பதிவு. முழங்கால் வீக்கம்.

கடிதம் ஒரு பை. புசல்லாவையிலிருந்து ஒரு ஆசிரியை: வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் கொப்பியின் மேல் மூலையை மடித்து வைத்திருக்கிறார்கள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிற பிள்ளை இப்போது ஒன்றுகூட இல்லை, வீட்டில் மாமனார் மாமியார் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், உங்கள் பணி சிறக்க. கு. அண்ணன் இதைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

படிப்பும் ஆயிற்று, சிரிப்பும் ஆயிற்று. எங்கள் அப்பாவும் ஆயிற்று.

கொழும்பிலிருந்து பதில்? "இன்னும் வரேல்லை. அவைக்கு ஆயிரம் வேலை." பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, "ஏன் தவளையின்ர குரல் சோர்ந்து கிடக்கு? கொஞ்சம் உஷாராச் செய்யும்" என்றார். செய்தேன். சுனில் சிரித்தார். சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

பிஸ்கட் பெட்டியின் மாதிரி வந்தது. த.த. கையில் தாள். மூலை மடித்து.

மார்ச் 7, சனி

வெயில். அறை கூட்டினேன். ஹாஜியார் கடைக்குப் போகவில்லை.

ஐந்து மணிக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டு டிவியில் கேட்டது. சிரிப்பு வரும் இடமெல்லாம் தெரியும். காதைப் பொத்திக்கொண்டாலும் தெரியும்.

ஐந்தரைக்குப் போன். அக்கா நம்பர். எடுத்தால் அப்பா. தர்ஷி அழுத்திக் கொடுத்திருக்க வேண்டும். அவராக எனக்குப் போன் எடுத்தது இதுதான் முதல் தடவை.

"நாந்தான்."

"சொல்லுங்கப்பா."

"இன்னைக்கும் அதையே போட்டாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"புள்ள பாக்கணும்னுச்சு. எழுத்துப் படிக்கணும்ல அது." இருமினார். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

பின்னால் பிஸ்கட் விளம்பரம் ஓடியது. பிறகு கேட்டார், கோபமில்லாமல், ஆபீஸ் வாசலில் துரையிடம் கேட்கிற அதே குரலில்.

"அந்தத் தவளய எப்பய்யா நிப்பாட்டுவாங்க?"

"எழுதிக் குடுத்திருக்கேன்பா. வரும்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மேல் மூலய மடிச்சுக் குடுத்தியா?" என்றார்.

பிறகு வைத்தார்.